பூக்கூடையின் அடியில்

என் முதல் தொகுப்பில் அதிகம் பாராட்டப்பட்ட கவிதை ஒரு விறகுக்காரியைப் பற்றியது. இருபத்தேழு வயதில் எழுதினேன். அந்தி நேரம், மலையடிவாரச் சாலை, தலையில் விறகுக் கட்டோடு தனியாக நடந்து வரும் பெண். வேரைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குள் வரும் மரம் என்று அவளைச் சொல்லியிருந்தேன். இரண்டு தொகைநூல்களில் சேர்த்தார்கள். ஒரு கருத்தரங்கில் பெண்ணியச் சூழலியலுக்கு அதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் மாணவிகள் அந்தக் கவிதையை எடுத்துப் பேசினார்கள். உவமை, படிமம், உடல்மொழி என்று ஒவ்வொருத்தியும் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றபோது பின்வரிசையிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேம், அந்த அக்கா தலையில இருக்கறது என்ன வெறகுங்க?"

சிலர் சிரித்தார்கள். கவிதைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை என்றேன். அவள் உட்காரவில்லை.

"இல்லீங்க மேம். பொழுதோட வர்றாங்கன்னா காட்டு வெறகாத்தான் இருக்கோணும். ஊருக்குள்ள பொறுக்கறதுன்னா வெடியாலயே போயிருவாங்க. காட்டு வெறகுன்னா அந்நேரத்துக்குத் தனியா வர மாட்டாங்க. அதான் கேட்டனுங்க."

அன்று ஏதோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்து கவிதையை எடுத்துப் படித்தேன். அதில் கழுத்து இருக்கிறது, வியர்வை இருக்கிறது, சூரியன் இருக்கிறது. விறகு இல்லை. எந்த மரம், பச்சையா காய்ந்ததா, எங்கே எடுத்தது, யாருடைய அடுப்புக்குப் போகிறது, எதுவும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்லாறு பக்கம் பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவள் நான். அந்த நேரத்தில் ஒரு பெண்ணைத் தனியாக மலையடிவாரச் சாலையில் விட்டுவிட்டு அழகு பார்த்திருக்கிறேன்.

என் கவிதையின் குறை எனக்கு மட்டுமே உரியதா என்று பிறகு தேடிப் பார்த்தேன். தமிழ் படித்தவளுக்குத் தேட இடம் நிறைய உண்டு.

நாம் சிறுவயதில் கேட்ட விறகுக் கதைகளில் வருகிறவன் ஆண். ஆற்றில் கோடரியைத் தவறவிட்டு, தேவதை நீட்டிய தங்கக் கோடரியை வேண்டாம் என்ற நேர்மையான விறகுவெட்டி. குகைக் கதவைத் திறந்த அலிபாபாவும் விறகுவெட்டிதான். சத்தியவான் காட்டில் விறகு வெட்டும்போதுதான் தலைவலி வந்து சாய்கிறான். சாவித்திரி உடன் போனவள், வெட்டியவள் அல்ல. திருவிளையாடல் புராணத்தில் விறகு விற்ற படலம் என்றே ஒரு படலம் இருக்கிறது. பாணபத்திரனுக்காகச் சொக்கநாதர் விறகுச் சுமையோடு மதுரைத் தெருவில் வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் அந்த வேடத்தில் வந்தபிறகு, விறகு என்றதும் தமிழர் பலருக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். கடவுளுக்கு விறகு ஒரு வேடம். பாடி முடித்ததும் மறைந்துவிடலாம்.

இந்த ஆண்கள் எல்லாரிடமும் கோடரி இருக்கிறது. கோடரி இருப்பவன் வெட்டுகிறான், விற்கிறான், கதையில் இடம் பிடிக்கிறான். பெண்ணுக்குக் கதைகளில் கோடரி இல்லை. விழுந்ததை எடுக்கிறாள், ஒடிகிறதை ஒடிக்கிறாள். அதிகம் போனால் தொரட்டி. வெட்டுவது தொழில், பொறுக்குவது இல்லாமை. 'வெட்டி' என்று தொழிலை ஒட்டி ஆணுக்குப் பெயர் கிடைத்தது. 'பொறுக்கி' என்ற சொல்லை நாம் எதற்கு வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

விறகு பொறுக்கும் பெண் பழைய இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குப் போகும் வழியில் ஒரு காட்சி வருகிறது. அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமரக் கட்டைகள், தூங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன. அதை எரித்துத்தான் நுளைமகள் கள் காய்ச்சுகிறாள். முதன்முறை இதைப் பாடம் நடத்தியபோது ஒட்டகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நெய்தல் கரைக்கு ஒட்டகம் எப்படி வந்தது, வணிகத் தொடர்பு என்ன என்று. இப்போது படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. காசு கொடுக்காமல் கிடைத்த விறகை எரிக்கும் பெண் என்று தமிழில் நான் அறிந்த மிகப் பழைய உருவம் அவள்தான். புலவர் கட்டையின் வடிவத்தைப் பார்த்தார். நிலவும் ஏங்கும் முகம் என்று அவள் முகத்தைப் பார்த்தார். ஒட்டகம் அளவு கட்டையைக் கரையிலிருந்து அடுப்புவரை இழுத்தது யார் என்று பார்க்கவில்லை. ஈரக் கட்டையைக் காயவைக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? கரும்புகையையும் அதே இடத்தில் சொல்கிறார். அந்தப் புகை ஒன்றுதான் விறகு நன்றாகக் காயவில்லை என்பதற்கு அவர் தெரியாமல் விட்டுச்சென்ற சாட்சி.

சிலப்பதிகாரத்தில் இளங்கோ ஒரு படி மேல். மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கும் இடத்தில் அடுப்பை மூட்டுவது ஐயை என்றும், வைக்கோலால் மூட்டினாள் என்றும் சொல்லிவிடுகிறார். விரல் சிவந்து, முகம் வியர்த்து, கண் சிவந்ததெல்லாம் கண்ணகிக்கு. எரிபொருள் கொண்டுவந்தது ஆயர் வீட்டுப் பெண். வணிகர் மகளின் சிவந்த கண்ணை நாம் மனப்பாடம் செய்தோம். ஐயையின் வைக்கோல் உரையாசிரியருக்குப் போனது.

மாணவியிடம் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், உன் அம்மாவோடு ஒரு நாள் நானும் வரலாமா என்று. "அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க மேம்" என்றவள் இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க. பழைய சேலையாக் கட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

அவள் அம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரிக்கும் வேலை. ஆடி மாதம். இரவெல்லாம் காற்று. ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து அவரும் இன்னும் இரண்டு பெண்களும் கிளம்பி, வீட்டுமனைகளாகப் பிரித்த புதிய பகுதிக்குள் நுழைந்தார்கள். ஆளுக்கு ஒரு சாக்கு, ஒரு கயிறு, சும்மாட்டுக்கு ஒரு பழந்துணி. நான் குனியப் போனதும் அவர் தடுத்தார்.

"நீங்க சும்மா வாங்க டீச்சர். குனியாதீங்க. பாக்கறவங்க என்னமோன்னு நெனைப்பாங்க."

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கற்றது ஒரு தாவரவியல் வகுப்புக்குக் குறைவில்லை. ஊரில் வனக்கல்லூரி இருக்கிறது, விறகின் வெப்பத்திறனை அளக்கும் கருவி அங்கே இருக்கும். இவர்களிடம் காதும் கையும் இருந்தன. குச்சியை எடுத்ததும் முனையை ஒடித்துப் பார்ப்பார். சத்தம் வந்தால் காய்ந்தது. சத்தம் வராமல் வளைந்தால் தூக்கி மதிலோரம் போட்டுவிடுவார், அடுத்த வாரத்துக்கு. தூங்குமூஞ்சி மரத்துக் கிளை காற்று அடித்தாலே ஒடிந்து விழும், கட்டு சீக்கிரம் பெருக்கும், ஆனால் "தீ நிக்காதுங்க, திங்கறதுக்கு முன்னாடி அணைஞ்சு போயிரும்." வேம்பு நின்று எரியும். புளி கிடைத்தால் அதிர்ஷ்டம், தணல் அரை நாள் கிடக்கும். கோவை சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போனதோடு அந்த அதிர்ஷ்டமும் குறைந்துபோனது. புங்கன் புகையும். மே ஃப்ளவர் மரத்துக் கட்டைக்கு மதிப்பில்லை, ஆனால் அதன் காய்ந்த நெத்து நன்றாகப் பற்றும், வாள் போலக் கிடக்கும் அதை அடுக்கி எடுத்துக்கொண்டார்கள். தென்னம்பன்னாடை பற்றவைக்க, பாளை கொதிக்கவைக்க. முருங்கை ஒடிந்து கிடந்ததை நான் காட்டினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். "அது வெறகாங்க? காயிதம்." அரசமரத்தடியில் நல்ல உலர்ந்த கிளை ஒன்று கிடந்தது. யாரும் தொடவில்லை. சாமி மரத்தை எரிக்கக் கூடாது.

மரங்களைவிடச் சிக்கலானது உரிமை. சாக்கடைக்கு இந்தப் பக்கம் விழுந்தால் எடுக்கலாம். மரம் காம்பவுண்டுக்குள்ளும் கிளை ரோட்டிலும் இருந்தால், விழுந்ததை எடுக்கலாம், தொங்குவதைத் தொடக் கூடாது. எழுதாத இந்தச் சட்டம் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு வீட்டில் எடுத்தால் கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து சத்தம் போடுவார்கள். ஒரு வீட்டு அம்மா தென்னைமட்டையை இவருக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார், அதற்கு இவர் வாரத்துக்கு ஒரு முறை அந்த வாசலில் உதிர்ந்த இலையெல்லாம் கூட்டித் தர வேண்டும். மட்டையின் விலை அரை மணி நேர வேலை. அந்த வீட்டு அம்மா இதைத் தர்மம் என்று நினைக்கிறார். மின்கம்பியில் படும் கிளைகளை வெட்டும் நாளில் இந்தத் தெருக்களில் நல்ல விறகு விழும். தடித்தது எல்லாம் ஒரு வண்டியில் ஏறி விறகுக் கடைக்குப் போய்விடும், இலையும் மிளாறும் பெண்களுக்கு. அதையும் வெட்டுகிறவர்கள் சொல்வதற்குள் தெருவைச் சுத்தமாக்கித் தர வேண்டும்.

காசில்லாமல் கிடைக்கிற விறகு என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். சும்மாடு இருந்தது. சும்மா கிடைத்தது எதுவும் இல்லை.

"கேஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். இருக்கிறது. ஒரு சிலிண்டர், விருந்தாளி வந்தால் பற்றவைக்க, மகளுக்குப் பரீட்சை என்றால் காலையில் பற்றவைக்க. தமிழ்நாட்டில் 2007-லேயே அரசு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. ஒன்றிய அரசின் உஜ்வாலா 2016 மே மாதம் வந்தது. இணைப்பு ஒரு தடவை கொடுப்பது, சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் வாங்குவது. 14.2 கிலோ சிலிண்டரின் விலை 2023 மார்ச்சில் ஆயிரத்து நூறைத் தாண்டி நின்றபோது ஆற்றோரக் குடியிருப்பில் எத்தனை அடுப்பு மறுபடி விறகுக்குப் போனது என்பதைப் புகையைப் பார்த்தே எண்ணியிருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் 49 சதவீதம் சமைக்க விறகைத்தான் நம்பியிருந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விறகடுப்புச் சோற்றின் ருசி, மண்சட்டிக் குழம்பின் மணம் என்று எழுதும் ஆண்களின் வரிசையில் நான் சேரப் போவதில்லை. வீட்டுக்குள் எழும் புகை மாசினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று நமக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணின் கையில் சிலிண்டர் வேண்டும், அதை நிரப்பக் கூலி வேண்டும். அதுவரைக்கும் அவர் பொறுக்குகிற விறகைத் திருட்டு என்று யாரும் சொல்லக் கூடாது. கவிதை என்றும் சொல்லக் கூடாது.

பாமாவின் 'சங்கதி' 1994-இல் வந்தது. நான் பலமுறை பாடம் நடத்திய நூல். மாரியம்மாவின் கதையை மாணவிகள் எளிதில் மறப்பதில்லை. விறகு பொறுக்கப் போன இடத்தில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலத்துக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடி வருகிறாள். அவர் முந்திக்கொண்டு, இன்னொரு இளைஞனோடு அவளைச் சேர்த்துப் புகார் சொல்கிறார். ஊர்க்கூட்டம் அவள் பேச்சை எடுத்துக்கொள்வதில்லை. அபராதம் போடுகிறார்கள், அவனைவிட அவளுக்கு அதிகமாக. இந்தப் பகுதியைச் சாதி ஆணாதிக்கமும் சொந்தச் சாதி ஆண்களின் அதிகாரமும் ஒரு பெண் மீது சேர்ந்து இறங்கும் இடமாக வாசிக்கிறோம். சரியான வாசிப்புதான். நானும் அப்படித்தான் நடத்தினேன்.

அந்த ஆடி ஞாயிறுக்குப் பிறகு நடத்தியபோது வேறு இடத்தில் நின்றுவிட்டேன். மாரியம்மாவை அந்தப் பம்புசெட்டுப் பக்கம் கொண்டுபோனது விறகு. சொந்த நிலம் இருப்பவளுக்கு அடுத்தவன் வரப்பில் நடக்க அவசியமில்லை. நிலமில்லாதவள் தன் அடுப்பை எரிக்க ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய நிலத்துக்குள் கால் வைத்தாக வேண்டும். கால் வைத்ததே அவள் மேல் கை வைப்பதற்கு அனுமதியாகிவிடுகிறது. பொய்ப் புகாரை ஊர் நம்பியதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. விறகு பொறுக்கப் போகிறவள் புதர் மறைவுக்குப் போகிறவள், எந்நேரம் எங்கே நின்றாள் என்று சாட்சி இல்லாதவள். எங்கள் பக்கத்தில் "வெறகுக்குப் போனவ" என்று சில ஆண்கள் சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பெண்கள் கூட்டமாகப் போவதும் விடியலில் போவதும் இதனால்தான். என் மாணவியின் கேள்வி முழுக்க முழுக்க இதைத்தான் கேட்டது. என் கவிதையில் தனியாக அந்தியில் வருகிறவள் மாரியம்மாவாகவும் இருக்கலாம். அவள் தோளில் நான் ஏற்றிய அழகுக்கு அடியில் ஒரு கை ஓங்கி நின்றிருக்கலாம். எழுதியவளுக்கு அது தோன்றவில்லை.

கொங்கு நாவலின் முன்னோடியான ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய 'நாகம்மாள்' தன் பங்கு நிலத்தைக் கேட்ட ஒரு விதவையின் கதை. இந்த மண்ணில் பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கேட்பது எத்தனை பெரிய விபரீதமாகப் பார்க்கப்பட்டது என்று அதைப் படித்தால் தெரியும். சாதிக்குள் நிலம் இல்லாத பெண்ணுக்கும், சாதியாலேயே நிலம் இல்லாத பெண்ணுக்கும் இடையில் உள்ள தூரத்தை நாகம்மாளையும் மாரியம்மாவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அளக்கலாம். ஒருத்தி பங்கு கேட்டாள். இன்னொருத்திக்குக் கேட்கவே பங்கு இல்லை. வேலியோரச் சுள்ளி இருந்தது.

தமிழ்ப் பெண்ணிய விமர்சனம் சமையலறையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988-இல் வந்தபின் அந்தத் தலைப்பே ஒரு கலைச்சொல் போல ஆகிவிட்டது. எனக்கு அந்தக் கதை மேல் பெரிய மரியாதை. ஆனால் சுவரும் சன்னலும் தொட்டியும் உள்ள சமையலறையை வைத்து நாம் உருவாக்கிய வாசிப்பு, சமையலறை வாசற்படியோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஆற்றோரக் குடியிருப்பில் சமையலறை அரை மைல் நீளம். அது அரசமரத்தடி வரைக்கும், கேமரா வைத்த வீட்டு மதில் வரைக்கும், பம்புசெட்டு வரைக்கும் போகிறது. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1986-இலேயே குளிர்ந்த அடுப்புகளையும் மொட்டைச் சரிவுகளையும் ஒரே புத்தகத் தலைப்பில் வைத்தார். விறகுப் பஞ்சம் என்பது காட்டின் பிரச்சினை மட்டும் இல்லை, பெண்ணின் நேரத்தின் பிரச்சினை என்று வாதிட்டார். இலக்கிய விமர்சனத்துக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சிப்கோ வந்து சேர்ந்தது. 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரத்தைக் காத்த கதையை எல்லாத் துறைகளிலும் நடத்துகிறோம். மரத்தைக் கட்டிக்கொள்ளும் பெண் நமக்குப் பிடிக்கிறது. மரத்தடியில் குனியும் பெண்ணைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ரேணியின் பெண்களும் அந்தக் காட்டில் விறகு எடுத்தவர்கள்தான். காடு போனால் அடுப்பு போகும் என்று தெரிந்துதான் நின்றார்கள்.

விழுந்த சுள்ளி யாருடையது என்ற கேள்வி நம் ஊரில் தோன்றியதல்ல. 1842-இல் இளம் பத்திரிகையாளராக இருந்த கார்ல் மார்க்ஸ் ரைன் மாகாணத்தில் ஏழைகள் காய்ந்த விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தை எதிர்த்து எழுதினார். மரம் தானாகவே உதிர்த்தது மரத்துக்காரனின் சொத்தாகுமா என்பது அவர் வாதத்தின் ஒரு முனை. இங்கே 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சுள்ளி, அடிக்கட்டை இரண்டையும் சிறு வன விளைபொருள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த உரிமை வனத்தில் வாழும் பழங்குடிகளுக்கும் மரபுவழி வனவாசிகளுக்கும். வீட்டுமனைத் தெருவில் உதிர்வதற்குச் சட்டம் இல்லை. அங்கே சாதிதான் சட்டம்.

இதை எழுதும்போது சுவர் என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்துவது என்று தயங்கினேன். 2019 டிசம்பர் 2 விடியலில், மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 தலித்துகள் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றுதான் அங்கிருந்தவர்கள் அதைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் மதிலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பதை வெறும் திசையாக எழுத முடியவில்லை. மதிலுக்கு மேல் கிளை நீட்டியிருக்கும் மரத்தைப் பார்த்தாலும் எனக்கு இப்போது எந்தப் பக்கம் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

இனி நான் சொல்லத் தயங்கிய பகுதி.

எங்கள் வீட்டிலும் விறகு இருந்தது. அப்பா ஒரு பாக்கு மண்டியில் கணக்கு எழுதினார். ஊரில் நல்ல குடும்பம் என்று சொல்லப்படும் சாதி. நிலம் அப்பாரு காலத்திலேயே போய்விட்டது, பேர் மட்டும் மிச்சம். மாதத்தின் முதல் பாதியில் விறகுக் கடையிலிருந்து எடை போட்டு வண்டியில் வரும், பிளந்த கட்டை, அடுக்கி வைப்போம். இரண்டாம் பாதியில் பொடக்காலி அடுப்பில் சுள்ளிதான் எரியும். எங்கள் வீட்டுச் சுள்ளிகள் எல்லாம் ஒரு சாண் நீளம். ஒன்று போல் ஒடித்திருக்கும். சுள்ளி என்றால் ஒரு சாண் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பள்ளித் தோழி வீட்டில் இரண்டு முழம் நீளத்தில் கிடந்ததைப் பார்த்தபோது, ஒடிக்கத் தெரியாதவர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அம்மா தினமும் விடியலில் பூப்பறிக்கப் போவார். பிரம்புப் பூக்கூடை. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, மதிலுக்கு வெளியே பூத்ததெல்லாம். சாமிக்குப் பறிக்கிற பூவை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, சில வீட்டுக்காரர்கள் கிளையை வளைத்தே கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் அம்மா பூவைத் தாம்பாளத்தில் கொட்டுவார். கூடையின் அடியில் இருப்பதைப் பொடக்காலியில் கொட்டுவார். அந்தக் கூடைக்குள் நிமிராமல் அடங்கும் நீளம் ஒரு சாண்.

இது எனக்கு எப்போது புரிந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. புரிந்தும் புரியாமல் பல வருடம் இருந்திருக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையிலேயே, நுளைமகளுக்கு முன்பாக, இன்னொரு பெண் வருகிறாள். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் கிணைமகள். அந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். வறுமையின் மானம் என்று கரும்பலகையில் எழுதுவேன். என் அம்மாவை நினைத்துத்தான் தொண்டை அடைத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த ஒப்பீட்டையும் அப்படியே விட முடியவில்லை. கிணைமகளுக்குக் கதவு இருந்தது. என் அம்மாவுக்குப் பூக்கூடை இருந்தது. என் மாணவியின் அம்மா பூக்கூடையோடு அதே தெருவில் வந்தால் யாராவது கிளையை வளைத்துக் கொடுப்பார்களா? சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, எல்லாரும் பார்க்க எடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. ஒரே தெரு, ஒரே விடியல், ஒரே மரத்துச் சுள்ளி. ஒருத்தி பக்தியுள்ளவள், ஒருத்தி மேல் கண் வைக்க வேண்டும். என்னைக் குனியாதீங்க என்று அவர் தடுத்தாரே, அப்போது எனக்காகத் தடுத்தார் என்று நினைத்தேன். டீச்சர் குனிந்தால் தெரு அதைப் பற்றிப் பேசும், பேச்சு தன் பக்கம் திரும்பும், அடுத்த வாரம் அந்தத் தெருவில் விறகு கிடைக்காது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது.

ஆக, இருபத்தேழு வயதில் நான் என்ன செய்தேன்? என் வீட்டில் எரிந்த விறகைப் பற்றி எழுதக் கூச்சம். அதனால் அதை எடுத்து, முகம் தெரியாத இன்னொரு பெண்ணின் தலையில் வைத்தேன். காட்டுக்கு அனுப்பினேன். அந்தியாக்கினேன். எங்கள் பொடக்காலியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். கவிதையைப் பாராட்டியவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மரம், வேர், நடை என்று நான் அடுக்கியிருந்த படிமங்கள் மேலே போட்ட செம்பருத்தி மாதிரி. அடியில் ஒரு சாண் சுள்ளி.

இந்தத் தொகுப்புக்காக அந்தக் கவிதையை மறுபடி பதிப்பிக்கலாமா என்று கேட்டார்கள். கவிதை வேண்டாம், கட்டுரை தருகிறேன் என்றேன். எழுதி முடிக்கும் முன் அம்மாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இப்போது அண்ணனோடு இருக்கிறார், எழுபத்து நான்கு வயது. போனில் கேட்டேன், அந்தக் காலத்தில் பூக்கூடையில் என்னென்ன மரத்துச் சுள்ளி கொண்டுவருவீங்க என்று.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏங்கண்ணு, அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேம்பு இருக்கும். வாதநாராயணன் இருக்கும். அந்த டாக்டர் வீட்டு முன்னால ஒரு புளி இருந்துச்சு பாரு, அதுல ஒரு குச்சி கெடச்சாப் போதும்." பக்கத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. "உங்கண்ணி வருது. நேர்ல வந்தாச் சொல்றேன். வெச்சரு."